வீட்டிலேயே மாதிரி எடுக்கும் எச்.பி.வி. பரிசோதனைப் பெட்டி: எங்கள் மதிப்பீடு

கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. என்ற வைரஸ் உடலில் இருக்கிறதா என்று பார்க்கும் பெட்டி இது. உள்ளே இருப்பவை கொஞ்சம்தான்: நீளமான பஞ்சுக்குச்சி அல்லது மென்தூரிகை, மூடியுள்ள குழாய், பெயர்ச்சீட்டு, திருப்பி அனுப்பும் உறை. கருப்பை வாயைத் தேடி மாதிரி எடுக்க வேண்டியதில்லை. யோனிச் சுவரில் இருந்தே எடுக்கலாம். இதுதான் இதன் பெரிய வசதி.

மாதவிடாய் நாட்களைத் தவிருங்கள். கையைக் கழுவி, குந்தியோ ஒரு காலை உயர்த்தி வைத்தோ, குச்சியைச் சுமார் 5 செ.மீ. உள்ளே செலுத்தி 10 முதல் 30 விநாடி சுழற்றுங்கள் (நேரம் பெட்டிக்குப் பெட்டி மாறும்). உள்ளே போக மறுத்தால் அழுத்தாதீர்கள். மூச்சை விட்டுத் தசையைத் தளர்த்தி, நுனியை முதுகுப்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள்.

திரவம் உள்ள குழாயைவிட உலர் குழாயே எங்களுக்குப் பிடித்தது, சிந்துவதற்கு எதுவும் இல்லை என்பதால். குச்சி நுனி கீழே பட்டாலோ, சீட்டில் தேதி எழுத மறந்தாலோ ஆய்வகம் மாதிரியை நிராகரிக்கலாம்.

வாங்கும் முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: ஆய்வகம் பி.சி.ஆர். முறையில் (வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் முறை) சோதிக்கிறதா? அப்படியானால் துல்லியம் மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு நெருக்கமாக இருக்கும். வைரஸ் இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. ஆனால் இந்த மாதிரியில் கருப்பை வாய்ச் செல்களின் மாற்றத்தைப் பார்க்க முடியாது. அதற்கு மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். வந்திருப்பது எச்.பி.வி.யின் அதிக ஆபத்தான 16, 18 வகைகள் என்றால் தாமதிக்கவே வேண்டாம். உடலுறவுக்குப் பின் இரத்தம் கசிந்தால், பெட்டிக்காகக் காத்திராமல் நேரே மருத்துவரைப் பாருங்கள்.