ஈரக் கார்பெட்டைப் பார்த்துக் காசு கொடுத்துவிடாதீர்கள்

கார்பெட் சுத்தம் செய்துதருகிறோம் என்று வந்த ஒரு நிறுவனம் எங்கள் வீட்டில் இரண்டு விரிப்புகளைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒன்று கையால் முடிச்சுப் போட்டு நெய்த கம்பளி. அடர்சிவப்புப் பின்னணியில் வெளிர்மஞ்சள் பூக்கள். இன்னொன்று கூடத்தில் கிடந்த டஃப்டட் கார்பெட், அதாவது பின்பக்கம் பசை தடவித் துணி ஒட்டியது. முதலாவது பாதி பிழைத்தது. இரண்டாவதைத் தூக்கிப் போட்டாயிற்று. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர்ப்பலகை நாளைக்கே மாறலாம். வேலை செய்யும் விதம் மாறாது. அந்த விதத்தை நீங்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

போனில் அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை ரூம்?" கார்பெட் கம்பளியா, நைலானா, பட்டா, பின்பக்கம் எப்படி இருக்கிறது, பழைய கறை உண்டா, எதையும் கேட்கவில்லை. ரூமுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார்கள், முடிந்தது. நூல் எது என்று தெரியாமல் தொகை சொல்கிறவர், எல்லாவற்றுக்கும் ஒரே திரவத்தைத்தான் கொண்டுவரப் போகிறார் என்று அர்த்தம். அங்கேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது.

கம்பளி என்பது நம் தலைமுடியைப் போலவே புரதம். காரம் அதிகமுள்ள சோப்புக் கரைசல் அதன் மேற்பரப்பை அரித்து நூலைச் சொரசொரப்பாக்கும், சாயத்தையும் இளக்கிவிடும். குளோரின் ப்ளீச் பட்டால் கம்பளி கரைந்தே போகும். கம்பளிக்குப் பயன்படுத்தும் கரைசலின் பிஎச் அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7-க்கு மேல் போகப் போகக் காரம்) 4.5-க்கும் 8.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பரவலாக ஏற்றுக்கொண்ட வரம்பு. நைலான், பாலியஸ்டர் கார்பெட்டில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பயன்படுத்தும் கரைசல்களில் 10-ஐத் தாண்டுபவை உண்டு. 'செயற்கைப் பட்டு', 'மூங்கில் பட்டு' என்ற பெயர்களில் விற்கும் விஸ்கோஸ் இன்னும் மோசம். தண்ணீர் பட்டாலே அதன் நூல் வலுவிழந்து, காய்ந்ததும் மஞ்சளித்து, பளபளப்பு போய்விடும். இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது நூலை விசாரிக்காமல் ஒருவர் எப்படி வேலையை ஒப்புக்கொள்கிறார்?

வந்த இரண்டு பேரும் முதலில் செய்தது சுத்தம் அல்ல, விற்பனை. நான் தினமும் வேக்குவம் போடும் இடத்தில் தங்கள் கருவியில் ஒரு கறுப்புத் துணியைச் செருகி இழுத்துக் காட்டினார்கள். துணி முழுக்கச் சாம்பல் நிறப் பொடி. "பாத்தீங்களா மேடம், இதெல்லாம் டஸ்ட் மைட். குழந்தைங்க இருக்கிற வீடு வேற." தூசிப்பூச்சி கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், ஒளி ஊடுருவும் உடம்பு, துணியில் படிந்த பொடியைப் பார்த்து அதுதான் பூச்சி என்று வெறுங்கண்ணால் யாரும் சொல்ல முடியாது. நாம் பார்ப்பது தோல் உதிரல், துணி நார், மண். எந்த வீட்டுக் கார்பெட்டில் இழுத்தாலும் அந்தத் துணி அப்படித்தான் ஆகும், புதிதாக வாங்கியதில்கூட நூல் துகள் வரும். இந்தப் பயத்தை வைத்து 'பூச்சி ஒழிப்பு' என்று ஒரு தொகை, 'நாற்ற நீக்கி' என்று ஒன்று, 'கறை ஒட்டாத கோட்டிங்' என்று இன்னொன்று. போனில் சொன்ன தொகை எங்கேயோ போய்விட்டது. தூசிப்பூச்சியைக் குறைக்க உண்மையில் உதவுவது அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைப்பது. அவர்கள் செய்துவிட்டுப் போனதோ, கார்பெட்டை நாள்கணக்கில் ஈரமாக வைத்ததுதான்.

அந்தக் கோட்டிங் பற்றியும் ஒரு வார்த்தை. கறை ஒட்டாமலிருக்கத் தெளிக்கும் ரசாயனங்களில் ஃப்ளோரின் சேர்ந்த வகைகள் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வந்தன. ஸ்காட்ச்கார்ட் என்ற கறைத்தடுப்புத் தெளிப்பானில் இருந்த பிஎஃப்ஓஎஸ் என்ற ஃப்ளோரின் ரசாயன வகையைக் கைவிடுவதாக 3எம் நிறுவனம் 2000-ல் அறிவித்தது. 2009-ல் அந்த ரசாயனம், இப்படிப்பட்ட நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது, சுற்றுச்சூழலிலும் உடம்பிலும் சிதையாமல் தங்கிவிடுகிறது என்பதற்காக. ஆகவே குழந்தை தவழும் தரையில் யாராவது எதையாவது தெளிக்க வந்தால், டப்பாவின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். எங்களிடம் வந்தவர்கள் வைத்திருந்தது லேபிளே இல்லாத பிளாஸ்டிக் கேன். அதைத் தெளிக்க நான் விடவில்லை.

இனி கழுவிய விதம். கார்பெட்டில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் மணலும்தான். அதைத் தண்ணீர் படும் முன்பே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நனைந்து சேறாகி நூலின் அடியில் இறங்கிவிடும். இவர்கள் வேக்குவமே போடவில்லை. நேராக ஷாம்பூவைத் தெளித்து, சுழலும் பிரஷ் எந்திரத்தை ஓட்டினார்கள். கையால் நெய்த கம்பளத்தின் குஞ்சம் அதில் சிக்கி இரண்டு இடத்தில் பிய்ந்தது. அந்தக் குஞ்சம் ஒட்டுவேலை அல்ல. கம்பளத்தின் பாவு நூல்களேதான், அதாவது நீளவாக்கில் ஓடும் அடிப்படை நூல்கள், வெளியே நீண்டிருக்கின்றன. அது பிய்ந்தால் ஓரத்து முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழத் தொடங்கும்.

விளம்பரத்தில் 'ஸ்டீம் கிளீனிங்' என்று போட்டிருந்தது. அந்தப் பெயரில் நடப்பது பெரும்பாலும் நீராவி அல்ல, வெந்நீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சி எடுக்கும் முறை. நல்ல முறைதான், உறிஞ்சுகிற எந்திரத்துக்கு வலு இருந்தால். இவர்கள் கொண்டுவந்தது சின்ன எந்திரம். வாளி வாளியாகத் தண்ணீர் உள்ளே போனது. திரும்பி வந்தது அதில் கொஞ்சம். சோப்பை அலசி எடுக்கத் தனியாக நல்ல தண்ணீர் ஓட்டவே இல்லை. சாயம் விடுகிறதா என்று ஒரு மூலையில் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். "ஒண்ணும் ஆகாது மேடம், நாங்க தினமும் பாக்குறதுதானே."

வேலை முடிந்ததும் இரண்டு கார்பெட்டும் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஈரமாக இருக்கும்போது எந்தக் கார்பெட்டும் அழகாகத்தான் இருக்கும். ஈரத்தில் நிறம் ஆழமாகத் தெரியும், கறை மறையும், நூல் ஒரே பக்கம் படிந்து புதிதுபோல் காட்டும், வாசனைத் திரவம் மற்ற எல்லா வாடையையும் மூடிவிடும். கெட்டது முழுவதும் காய்ந்த பிறகுதான் வெளியே வரும். அவர்கள் முழுத்தொகையையும், 'திருப்தியாக இருக்கிறது' என்ற கையெழுத்தையும் கேட்பது அந்த ஈர நேரத்தில்தான்.

"சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்" என்றார்கள். மறுநாளும் காயவில்லை, அதற்கடுத்த நாளும் காயவில்லை. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும், அதனால் மேலே கையை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் தரை நனைந்திருந்தது. ஈரம் 24 முதல் 48 மணி நேரத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் அறைக்குள் நுழையும்போதே மக்கல் வாடை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சிவப்பு, மஞ்சள் பூக்களுக்குள் இறங்கி அவற்றை அழுக்கு இளஞ்சிவப்பாக்கியிருந்தது. காரமான சோப்பும் நீண்ட நேர ஈரமும் சேர்ந்தால் கம்பளிச் சாயம் நகரும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கூடத்துக் கார்பெட்டில் பழுப்புத் திட்டுகள் தோன்றின. முன்பு அங்கே கறையே கிடையாது. அதன் அடித்துணி சணல். சணல் மெல்ல மெல்லக் காயும்போது அதிலுள்ள பழுப்பு நிறப் பொருள் தண்ணீரோடு நூலின் நுனிவரை ஏறி அங்கே படிந்துவிடும். போய்விட்டதாகக் காட்டிய பழைய காப்பிக் கறையும் அதே வழியில் மேலே ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது. அதே கார்பெட்டின் நடுவில் குமிழ்போல் எழும்பி, மிதித்தால் நகர்ந்தது. பின்துணியைப் பிடித்து வைத்திருந்த பசை விட்டுப்போயிருந்தது. பசை விட்ட டஃப்டட் கார்பெட்டை வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது.

கடைசியாக வந்த சேதம் வெளியே அவ்வளவாகத் தெரியாதது. கழுவாத காலத்தைவிட வேகமாகக் கம்பளம் அழுக்கானது. அலசாமல் விட்ட சோப்பு நூலில் பிசுபிசுப்பாகக் காய்ந்து, மிதிக்கிற ஒவ்வொரு காலிலிருந்தும் மண்ணை வாங்கிக்கொள்கிறது. உங்கள் வீட்டிலும் கழுவிய பிறகு இப்படி நடந்தால், கொஞ்சம் நல்ல தண்ணீரைத் தெளித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். நுரையோ வழவழப்போ வந்தால் சோப்பு உள்ளேயே இருக்கிறது. மறுபடி கழுவச் சொல்லி உங்களை அழைக்கிறவர்களுக்கு இது வசதியும்கூட.

நிறுவனத்தைக் கூப்பிட்டபோது முதலில் சாயம் மட்டமானது என்றார்கள், பிறகு கார்பெட் பழசு என்றார்கள், பிறகு நாங்கள் ஃபேன் போடவில்லை என்றார்கள். கையெழுத்து வாங்கிய தாளில் பொடி எழுத்தில் 'நிறமாற்றத்துக்குப் பொறுப்பல்ல' என்று இருந்தது. கடைசியில் 'இலவசமாக மறுபடி கழுவித் தருகிறோம்' என்றார்கள். மறுத்துவிட்டேன். தண்ணீரால் கெட்டதை அதே தண்ணீரையும் அதே கேனையும் கொண்டுவந்து எப்படிச் சரிசெய்வார்கள்?

கம்பளத்தைக் கடைசியில் கையில் எடுத்தவர் கம்பளங்களை மட்டுமே கழுவும் ஒரு வயதானவர். அவரிடம் பார்த்த வித்தியாசத்தைச் சொல்லியே ஆகவேண்டும். வந்ததும் முதலில் கம்பளத்தைத் திருப்பிப்போட்டு முடிச்சுகளைப் பார்த்தார். ஓரத்திலிருந்து ஓரிரு இழைகளை எடுத்துக் கொளுத்தி முகர்ந்தார். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நசுங்கும். செயற்கை நூல் உருகிக் கெட்டி மணியாகிவிடும். விஸ்கோஸ் காகிதம்போல எரியும். பிறகு ஒரு வெள்ளைத் துணியைத் தான் கொண்டுவந்த கரைசலில் நனைத்துச் சிவப்பின்மேல் அழுத்தி வைத்தார். துணியில் சிவப்பு ஏறியது. "முழுசாப் போகாதும்மா. பாதி குறையலாம். அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். தன் இடத்துக்கு எடுத்துப்போய், குப்புறப்போட்டு அடித்து மண்ணை உதிர்த்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, வினிகரில் இருப்பது போன்ற மென்மையான அமிலம் கலந்த நீரால் காரத்தைப் போக்கி, தட்டையாக விரித்து இருபக்கமும் காற்றுப்படக் காயவைத்தார். அவர் சொன்னபடியே பாதிதான் குறைந்தது. காய்ந்த பிறகு வந்து பாருங்கள் என்றார். அதுவரை காசு கேட்கவில்லை.

அதனால் நீங்கள் ஆள் கூப்பிடும்போது போனிலேயே நூலைப் பற்றி அவர்கள் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்: கம்பளிக்கு என்ன கரைசல், பிஎச் எவ்வளவு, முதலில் உலர்வேக்குவம் போடுவீர்களா, சோப்பைத் தனியாக அலசுவீர்களா, எத்தனை மணி நேரத்தில் காயும். ஒழுங்காக உறிஞ்சி எடுத்த கார்பெட் ஒரு நாளுக்குள் காய்ந்துவிடும். மொத்தத் தொகையை, கூடுதல் எதுவும் இல்லை என்ற உறுதியோடு எழுத்தில் வாங்குங்கள். வேலைக்கு முன்பே பகல் வெளிச்சத்தில், பின்பக்கமும் குஞ்சமும் தெரியப் படம் எடுத்து வையுங்கள். தொகையில் ஒரு பகுதியைக் காய்ந்த பிறகே தருவேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். இதற்குச் சம்மதிக்காதவரை வீட்டுக்குள் விட வேண்டாம். கைநெசவுக் கம்பளத்தையும் விஸ்கோஸையும் அறையில் வைத்துக் கழுவவே விடாதீர்கள்.

நாமே நன்றாகப் பராமரித்தால் இவர்களைக் கூப்பிடும் தேவை மிகவும் குறையும். நடமாட்டமுள்ள இடத்தில் வாரத்துக்கு இரண்டு முறையாவது, மெதுவாக, இரண்டு திசையிலும் வேக்குவம் போட்டால் போதும். மணல் துகள்தான் நூலை அறுக்கிறது. சுழல் பிரஷைக் குஞ்சத்திலும் வளைய நூல் கார்பெட்டிலும் ஓட்டக்கூடாது. ஏதாவது கொட்டினால் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் கிடக்கும் பகுதியை அவ்வப்போது தூக்கிப் பாருங்கள். கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழு இருட்டான, அசையாத இடத்தில்தான் இருக்கும்.

இப்போதே உங்கள் வீட்டில் யாராவது கழுவிவிட்டுப்போன கார்பெட் ஈரமாகக் கிடக்கிறதென்றால், மேலே சொன்னதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேலே இருக்கும் மரச்சாமான்களை நகர்த்துங்கள். இரும்புக்கால் துருவும் மரச்சாயமும் ஈரத்தில் இறங்கிவிடும். உலர்ந்த வெள்ளைத் துண்டுகளை விரித்து மிதித்து மிதித்து ஈரத்தை எடுங்கள். ஓரங்களைத் தூக்கி அடியில் காற்று போகும்படி ஏதாவது முட்டுக்கொடுத்து, ஃபேனைத் தரைமட்டத்தில் வைத்து ஓட்டுங்கள், கைநெசவென்றால் முடிந்தால் கொடியில் தொங்கவிடாமல் தட்டையாகவே வையுங்கள். பழுப்போ சாயமோ ஏறுவதைப் பார்த்தால் அன்றே படம் எடுத்து, அவர்களுக்கு எழுத்தில் அனுப்புங்கள்.