“புது வண்டியில் கழற்றியது” என்று நம்பி ஃபோர்க் வாங்கினேன்: 14,200 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் எழுத மாட்டேன். மலை சைக்கிளுக்கு வாங்கிய ஃபோர்க் (முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து, குலுக்கலைத் தாங்கும் பாகம்) பார்சலில் வந்து பதினோரு நாள் ஆகிறது. நேற்று ராத்திரி அதை விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். 14,200 ரூபாய். ஏழு மாதம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. சைக்கிளுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று வீட்டில் கேட்டபோது வீறாப்பாகப் பதில் சொன்ன வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

குறைந்த செலவில் மலை சைக்கிளை மேம்படுத்துவது எப்படி என்று விரிவாக எழுதுகிறேன் என நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பதிவு இப்படி முடிந்திருக்கிறது.

என் வண்டி ஒன்றும் பெரிய வண்டி இல்லை. 27.5 இன்ச் சக்கரம், அலுமினிய பிரேம், பின்னால் ஏழு கியர், முன்னால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கனக்கும் ஸ்பிரிங் ஃபோர்க். ஞாயிற்றுக்கிழமை காலையில் மருதமலை அடிவாரம், இல்லையென்றால் ஆனைகட்டி ரோட்டுப் பக்கம் மண்பாதை. என் எடை 58 கிலோ. அந்த ஸ்பிரிங் என்னைவிடக் கனமான ஆளுக்குச் செய்தது போல. கல்லில் இறங்கினால் அமுங்குவது ஃபோர்க் இல்லை, என் மணிக்கட்டு. ஏர் ஃபோர்க் என்றால் நம் எடைக்குத் தகுந்தபடி காற்று வைத்துக்கொள்ளலாம். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், ஃபோர்க் அமுங்கக்கூடிய நூறு மி.மீ.யில் ஒரு இருபது மி.மீ. தானாக இறங்கி நிற்கும். அந்த ஆசைதான்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் அன்றைக்கே சொன்னார். “முதல்ல டயர மாத்துங்க தம்பி. அப்புறம் பிரேக்க ஹைட்ராலிக் ஆக்குவோம். ஃபோர்க்க பத்தி அடுத்த வருஷம் பேசலாம்.” கேட்டேனா?

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது வருகிற நல்ல ஃபோர்க் பெரும்பாலும் டேப்பர் வகை. ஃபோர்க்கிலிருந்து பிரேமுக்குள் ஏறி ஹேண்டில்பாரோடு சேரும் ஸ்டியரர் குழாய் மேலே 1⅛ இன்ச், கீழே 1½ இன்ச். ஆக்ஸில், அதாவது சக்கர அச்சு, 15 மி.மீ. என் பிரேமில் மேலும் கீழும் ஒரே 1⅛ தான், சக்கரமோ 9 மி.மீ. குயிக் ரிலீஸ் (கைப்பிடியை மடக்கி இறுக்கும் வகை). புதிதாகக் கிடைப்பது குறைவு, கிடைத்தாலும் நான் விசாரித்த இடங்களில் இருபதாயிரத்தைத் தாண்டியது. பட்ஜெட் வண்டிக்காரன் எல்லோரும் கடைசியில் போய் நிற்கும் இடத்துக்கு நானும் போனேன்: பழைய சாமான் விற்கும் ஆப்.

அங்கே ஒரு விளம்பரம். பக்கத்து மாநிலத்து நகரம் ஒன்றில் சைக்கிள் பார்ட்ஸ் விற்கும் சின்ன ஆன்லைன் கடை. ராக்ஷாக்ஸ் கம்பெனியின் ஏர் ஃபோர்க், நேர் ஸ்டியரர், குயிக் ரிலீஸ், 100 மி.மீ. போன வருட மாடல், புது வண்டியில் இருந்து கழற்றியது, ஒரு நாள்கூட ஓடாதது. (ஃபோர்க் கம்பெனி மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.) விலை 13,500, கூரியர் 700.

நான் ஏமாந்தது விலையைப் பார்த்து இல்லை. போனில் அவர் பேசியதைக் கேட்டு. நல்ல தமிழ். முதல் கேள்வியே, “ப்ரோ, உங்க ஹெட் ட்யூப் நேரா, டேப்பரா? அளந்து சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.” ஸ்டியரர் நுழைகிற பிரேம் குழாய்தான் ஹெட் ட்யூப். இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் வியாபாரி அவர்தான். மற்றவர்கள் எல்லாம் “செட் ஆகும் சார், செட் ஆகும்” என்றவர்கள். அடுத்து நான் 120 மி.மீ. ஃபோர்க் ஒன்றைக் காட்டி விலை கேட்டேன். அது அவரிடமே இருந்தது, நாலாயிரம் கூட. “வேண்டாம் ப்ரோ. உங்க பிரேம் நூறுக்குப் போட்டது. இருபது ஏத்தினா முன்பக்கம் தூக்கும், ஏத்தத்துல வீல் அலையும். காச வீணாக்காதீங்க” என்றார். சொன்னது அத்தனையும் உண்மை. கூட விற்கக்கூடிய நாலாயிரத்தை வேண்டாம் என்று சொல்கிறவர் நம்மை எங்கே ஏமாற்றப் போகிறார்? அந்த நிமிடத்தில் நான் விழுந்தேன்.

ஸ்டியரர் நீளம் கேட்டேன். எனக்குக் குறைந்தது 175 மி.மீ. வேண்டும்: ஹெட் ட்யூப் 110, அதன் மேலும் கீழும் பேரிங்கைத் தாங்கும் ஹெட்செட் கப் இரண்டும் சேர்த்து 25, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் பிடிக்க 40. “185 இருக்கு ப்ரோ” என்று டேப் வைத்துப் படமும் அனுப்பினார். குழாயின் மேல் நுனியில் மஞ்சள் டேப், அதில் 185 பளிச்சென்று. ஆப் வழியாகப் போனால் கமிஷன் பிடிப்பார்கள் என்றார். வாட்ஸ்அப்பில் பேசி, க்யூஆர் கோடு வாங்கி, 14,200 ரூபாயை ஒரே தடவையில் அனுப்பினேன். ஒரே தடவையில்!

இனி “அவர்” எல்லாம் வேண்டாம்.

பெட்டி வந்தது. மேலே பார்க்க மினுமினு என்றுதான் இருந்தது. அண்ணன் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் ஃபோர்க்கை வாங்கியதும் முதலில் பார்த்தது கீழே, ஆக்ஸில் உட்காரும் கொக்கியை. இரண்டு பக்கமும் பெயின்ட் வட்டமாக நசுங்கி, உள்ளே உலோகம் தெரிந்தது. “குயிக் ரிலீஸ் கடிச்ச தடம் தம்பி. ஒரு நாள் ஓடினதுக்கு இவ்வளவு கடிக்காது. இது நூறு தடவ கழட்டி மாட்டினது.”

அப்புறம் ஃபோர்க்கின் இடது காலின் பளபளக்கும் குழாயைத் துணியால் துடைத்தார். ஒரு இடத்தில் துணி லேசாக மாட்டியது. தூசியைத் தடுக்கும் ரப்பர் சீலுக்கு இரண்டு விரல் மேலே. விளக்கை அருகில் கொண்டுவந்து நகத்தால் சுரண்டினார். கண்ணாடித் தாள் போல மெல்லிய ஒரு தோல் உரிந்து வந்தது. நெயில் பாலிஷ்! நிறமில்லாத நெயில் பாலிஷ். அதற்கடியில் குரோம் பெயர்ந்து, கடுகளவு துருக்குழி. அந்தக் குழி மேலும் கீழும் போய் வரும்போது தூசி சீலை அறுக்கும், சீல் அறுந்தால் மண் உள்ளே போகும். படத்தில் இது எப்படித் தெரியும்? தெரியாது, அதற்குத்தான் பூசியிருக்கிறான்.

காற்றடித்துப் பார்த்தோம். 90 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்தார். மறுநாள் காலை 20. பம்ப்பைத் திரும்ப மாட்டும்போது குழாய்க்குள் கொஞ்சம் காற்று போய் முள் இறங்கிக் காட்டும், அது வழக்கம். ஆனால் எழுபது இறங்காது. இது வெளிக்குழியால் வந்தது இல்லை, உள்ளே காற்றை அடைத்து வைக்கும் பிஸ்டன் சீல் செத்திருக்கிறது என்றார். ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறது கம்பெனி. இதைத் திறந்தபோது எண்ணெயில் ஊறியிருக்க வேண்டிய நுரை வளையம் காய்ந்த ரொட்டி மாதிரி இருந்தது.

இவை எல்லாவற்றையும்கூடச் சரி செய்துகொள்ளலாம் என்று வையுங்கள். ஸ்டியரரை அளந்தார். 162. நான் நம்பவில்லை, நானே அளந்தேன். 162 தான். அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: டேப்பின் மேல் நுனிதான் படத்தில் இருக்கிறது, பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்பது இல்லை. கிரவுனுக்கு (இரண்டு கால்களும் சேரும் தலைப்பகுதி) மேலே பேரிங் வளையம் உட்காரும் இடத்திலிருந்து அளக்க வேண்டியதை, கிரவுனின் அடியில் டேப்பைக் கொக்கி போட்டு அளந்திருக்கிறான். 23 மி.மீ. அப்படித்தான் வளர்ந்தது. என் ஸ்டெம் பிடிக்க 40 வேண்டிய இடத்தில் 27 தான் கிடைக்கும். “மாட்டித் தாங்க அண்ணே, மெதுவா ஓட்டிக்கிறேன்” என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். “எறக்கத்துல ஹேண்டில்பார் கையோட வந்துடும். நான் மாட்ட மாட்டேன்” என்று சொல்லி ஃபோர்க்கைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

கிரவுனின் பின்பக்கம் சீரியல் நம்பர் இருக்கிறது. கம்பெனி தளத்தில் போட்டால் எந்த மாடல், எந்த வருடம் என்று சொல்லிவிடும். போட்டேன். “போன வருட மாடல்” 2018 மாடலாக இருந்தது. அவன் அனுப்பிய ஒன்பது படங்களில் ஒன்றுகூடப் பின்பக்கம் இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போன் செய்தேன். இங்கே ஒன்றைக் கவனியுங்கள், காசு போகும் வரை நான் “ப்ரோ”. புகார் சொன்ன நிமிடத்திலிருந்து “சார்”. முதலில், “புது சீல் சார், ரெண்டு ரைடு போனா செட் ஆயிடும்.” பெட்டியைத் திறந்த வீடியோ இருக்கிறதா என்றான். இல்லை, படம்தான் எடுத்தேன். “வீடியோ இல்லாம எப்படி சார்? கூரியர்ல அடிபட்டிருக்கும்.” கூரியர்க்காரன் எனக்குத் தெரியாமல் நெயில் பாலிஷ் போட்டானா என்று கேட்டேன். பதில் இல்லை. ஸ்டியரர் நீளத்தைப் பற்றிக் கேட்டதற்கு வந்த பதில்தான் என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது: “நீங்க வெட்டிட்டு எங்க மேல பழி போடுறீங்க சார்.” அடுத்து முதலாளி ஊரில் இல்லை. அதற்கடுத்து வீட்டில் துக்கம். பத்தாவது நாள் பாதிப் பணமாவது கொடு என்று இறங்கி வந்தேன், 14,200-இல் ஏழாயிரம் போதும் என்றேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. ராத்திரி பிளாக்.

ஆப்காரர்களின் பதில் இன்னும் அழகு. பேச்சும் பணமும் எங்கள் ஆப்புக்கு வெளியே நடந்ததால் எங்களால் உதவ முடியாது. நன்றி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? 2020-இல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர்கள் மூன்று மணி நேரத்தில் பெற்று, மூடியும்விட்டார்கள். வேகத்தைக் குறை சொல்ல முடியாது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன், புகார் எண் வந்திருக்கிறது. பார்ப்போம்.

யோசித்துப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. அந்த 14,200-இல் இரண்டு நல்ல டயர், ஷிமானோ எம்டி200 ஹைட்ராலிக் பிரேக் ஜோடி, சங்கிலி எல்லாம் போட்டு மிச்சமும் இருந்திருக்கும். அண்ணன் சொன்ன அதே வரிசை.

எழுதுவதாகச் சொன்ன யோசனைகள் நிறைய இருந்தன. இப்போது மனமில்லை, அவசரமாகச் சிலது. பழைய ஃபோர்க் வாங்கினால் கிரவுனின் பின்பக்கப் படமும், டேப்பின் இரண்டு முனையும் தெரியும் படமும் இல்லாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். கொக்கியில் கடித்த தடம் பாருங்கள். குழாயை நேரில் நகத்தால் தடவ முடியாவிட்டால் வாங்கவே வேண்டாம். ஆப்பை விட்டு வெளியே வா என்றால் போகாதீர்கள். பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுங்கள். அப்புறம் ஒன்று, ஏழு கியர் வண்டியில் பெரும்பாலும் பின்னால் இருப்பது ஃப்ரீவீல் (சக்கர நடுவிலுள்ள ஹப்பில் திருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி), கேசட் (ஹப்பின் மேல் செருகி மாட்டுவது) இல்லை. ஹப்பை மாற்றாமல் பதினோரு ஸ்பீடு கேசட் மாட்டலாம் என்று எவனாவது சொன்னால் அவனும் இவன் தம்பிதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரைடுக்கு வரும் நண்பன் ஒரு லிங்க் அனுப்பினான். அதே ஆப், வேறு பெயரில் கடை. ராக்ஷாக்ஸ் ஏர் ஃபோர்க், புது வண்டியில் கழற்றியது. ஃபோர்க் என் வீட்டுப் பால்கனியில் கிடக்கிறது. படத்தில் அதே மஞ்சள் டேப், அதே 185. விலை மட்டும் 12,500 ஆக இறங்கியிருக்கிறது.