ஐஸ்லாந்து: தலைநகரில் தங்குவதா, தீவையே சுற்றுவதா?

ஐஸ்லாந்துக்கு வழிகாட்டியோடு போக இரண்டு வழி உண்டு. தலைநகர் ரெய்க்யவிக்கில் அறை எடுத்துத் தினமும் ஒரு பக்கம் போய்வரலாம். இல்லையென்றால் ஒன்றாம் எண் வட்டச் சாலையில் தீவைச் சுற்றும் குழுவில் சேரலாம்.

தலைநகரில் தங்கினால் பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். திங்வெல்லிர் தேசியப் பூங்கா, சில நிமிடங்களுக்கொரு முறை வெந்நீரைப் பீய்ச்சும் ஸ்ட்ரோக்கூர், குல்ஃபோஸ் அருவி மூன்றும் ஒரே நாளில் முடியும். புயல் வந்தால் பயணத்தை மறுநாளைக்குத் தள்ளலாம். குளிர்காலத்தில் இது பெரிய வசதி. இடிக்கும் இடம் யோகுல்சார்லோன். பனிக்கட்டிகள் மிதக்கும் அந்த ஏரி சுமார் 370 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஒரே நாளில் போய்த் திரும்பும் பேருந்துகள் உண்டு, ஆனால் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் இருக்கையிலேயே போய்விடும். டிசம்பரில் பகலே நான்கைந்து மணி நேரம்தான், ஜன்னலுக்கு வெளியே என்னத்தைப் பார்ப்பது?

வட்டச் சாலை சுமார் 1,300 கி.மீ. ஒரு வாரமாவது வேண்டும், தினமும் விடுதி மாறும், செலவும் கூடும். ஆனால் ஏரிக்குப் பக்கத்திலேயே தங்கி, வாட்னயோகுல் பனியாற்றின் ஒரு கிளையில் முள் பொருத்திய காலணியோடு நடக்கலாம். அப்புறம் வடக்கே மீவாட்ன் ஏரிப் பக்கத்துக் கொதிக்கும் சேற்றுக் குழிகள், ஹூசவிக்கில் திமிங்கிலங்கள். தலைநகரிலிருந்து ஒருநாள் பயணத்தில் இவை எட்டாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றால் யோசிக்காமல் வட்டச் சாலை. இரவு வானில் வண்ணமாக ஒளிரும் வட ஒளிக்காக மார்ச்சில் போகிறவர்கள் தலைநகரில் தங்கி, தெற்கே வீக் என்ற ஊரில் ஓரிரு இரவு சேர்த்துக்கொள்ளலாம். கோடையில் வட ஒளியை எதிர்பார்க்க வேண்டாம், அப்போது இரவே சரியாக இருட்டாது.