53-இல் 27 போனால்: முதல் மூன்று வகுப்புக்குக் கணக்குத் திட்டம், மூன்று வழிகள்

ஓர் அறை, ஓர் ஆசிரியர், மூன்று வகுப்பு. ஒன்றாம் வகுப்பில் 9 பேர், இரண்டில் 10, மூன்றில் 9. மொத்தம் 28 பிள்ளைகள், கணக்குக்கு 40 நிமிடம். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்பை இருவர் பிரித்துக்கொண்டால் ஒருவர் தலையில் முதல் மூன்று வகுப்பும் சேர்ந்தே விழும். தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் நிலைமை இதுதான் என்பதால், திட்டங்களை இந்த அறைக்குள் வைத்தே ஒப்பிடுவோம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் பள்ளியில் எந்தத் திட்டமும் ஓரளவு ஓடிவிடும்.

ஒப்பிடப்போவது மூன்றை: புத்தக வரிசை, ஏணிப்படி அட்டை, நிலைவாரிக் குழு. அளவுகோலாக ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: 53 − 27. இரண்டாம் வகுப்பு முடிவிலோ மூன்றாம் வகுப்புத் தொடக்கத்திலோ ஒரு பிள்ளை போட வேண்டிய, இனமாற்றம் செய்து (ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றி) கழிக்கும் கணக்கு.

புத்தக வரிசை

2012-13 முதல் முப்பருவ முறை. பருவத்துக்கு ஒரு புத்தகம், அதில் வடிவியல், எண்கள், அமைப்புகள், அளவைகள் என்று அலகுகள். அலகை எடு, முடி, அடுத்ததற்குப் போ. பாடக்குறிப்பு எழுதச் சுலபம். பார்வைக்கு வருகிறவருக்கும் பெற்றோருக்கும் ‘எந்தப் பக்கம் ஓடுகிறது’ என்பது உடனே தெரியும். எண் அல்லாத அலகுகள் விடுபடாது என்பது இதன் பெரிய பலம். மற்ற இரண்டு முறையிலும் முதலில் காணாமல் போவது வடிவமும் அளவையும்தான்.

ஆனால் நம் அறையில் 40 நிமிடத்தை மூன்றாக வகுத்தால் ஒரு வகுப்புக்கு 13 நிமிடம். மீதி 27 நிமிடம் பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள். அதைவிட மோசம், திரும்பி வர வாசல் இல்லாதது. பத்துகள், ஒன்றுகள் நடந்த இரண்டு வாரமும் அம்மை போட்டு வீட்டில் இருந்த பிள்ளை, கழித்தல் அலகு வரும்போது நேராக 53 − 27 முன்னால் நிற்கும். புத்தகத்தைப் பொறுத்தவரை அந்த அலகு ‘முடிந்துவிட்டது’.

ஏணிப்படி அட்டை

செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்பு மாநிலம் முழுவதும் போனது. ஆந்திராவின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளின் முறையிலிருந்து வந்தது. பாடத்தைச் சிறு படிகளாக நறுக்கி, படிக்கு ஓர் அட்டை. பிள்ளை ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்து, பாயில் போய் உட்காரும். சுவரின் அடிப்பாகம் முழுக்கக் கரும்பலகை.

இரண்டு வாரம் வராத பிள்ளைக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. விட்ட படியிலேயே தொடரும். யாரும் அதைத் தாண்டிப் போய்விட்டதாகக் கணக்கில் வராது.

இடறுவது வேறிடத்தில். 28 பேரும் 28 படியில் நின்றால், 40 நிமிடத்தில் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்கூடத் தேறாது. ஆசிரியர் முழுதாக உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு என்றெல்லாம் பிரித்தது இதற்காகத்தான். பிரித்த பிறகும் ஆசிரியரின் பாதி நேரம் அட்டை தேடுவதில் போகும். ஓர் அட்டை தொலைந்தால் அந்தப் படியே இல்லை. இன்னொன்று: அட்டை விடை சரியா என்று மட்டுமே கேட்கும். ‘நீ எப்படிப் போட்டாய்?’ என்று கேட்காது. 53 − 27-ஐ ஒருத்தி 53, 43, 33 என்று பத்துப் பத்தாக இறங்கிப் போடுகிறாள், இன்னொருவன் 27-இலிருந்து 53 வரை ஏறிப் போடுகிறான். இரண்டும் ஒரே விடை தருவதை நேரில் பார்ப்பதுதான் கணக்கு வகுப்பு. தனித்தனிப் படியில் நிற்கிறவர்கள் அதைப் பார்க்க வழியில்லை.

நிலைவாரிக் குழு

2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்க்கிறது. முதலில் 1 முதல் 3 வகுப்புக்கு, அடுத்த கல்வியாண்டில் 4, 5-க்கும். நம் அறைக்கு இது கச்சிதம். 28 தயாரிப்பு வேண்டாம், மூன்று போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 20-க்குள் எண்ணத் தடுமாற்றம் என்றால், அங்கிருந்தே தொடங்க அனுமதி உண்டு.

இதில் கெடுவது இரண்டு. ஒன்று, குழு உறைந்துபோவது. ஜூன் மாத அடிநிலை மதிப்பீட்டில் அரும்பு ஆன பிள்ளை பிப்ரவரியிலும் அரும்பு. எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளைகளோடு ஆண்டு முழுக்க உட்கார்ந்தால், பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு அர்த்தம் புரிந்துவிடும். இதற்கு மருந்து எளிது: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழுவைக் கலைத்து அடுக்குவதாக நாட்காட்டியில் தேதியே குறித்துவிடுவது.

இரண்டாவது கேடு கண்ணுக்குத் தெரியாதது. குழுவை மொத்த மதிப்பெண்ணை வைத்துப் பிரிப்பது. 10 கணக்கில் 4 சரி என்றால் மொட்டு. அந்த 6 தவறும் என்ன தவறு என்று யாரும் பார்ப்பதில்லை. நம் அளவுகோல் கணக்கை இங்கேதான் வெளியே எடுக்க வேண்டும்.

ஒரே கணக்கு, நான்கு தவறான விடை

53 − 27-க்குச் சரியான விடை 26. பிள்ளைகள் தரும் தவறான விடைகள் பெரும்பாலும் நான்கு.

34: மூன்றில் ஏழு போகாது, அதனால் ஏழில் மூன்றைக் கழித்துவிட்டது. பெரியதிலிருந்துதான் சிறியது போகும் என்று ஒன்றாம் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்த வாக்கியமே இங்கே திரும்பி வந்து கடிக்கிறது.

36: கடன் வாங்கி 13 − 7 = 6 என்று சரியாகப் போட்டு, ஐந்து நான்கானதை மறந்துவிட்டது.

27: விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணும்போது 53-ஐயும் சேர்த்து எண்ணிவிட்டது. ஒன்று கூடிப்போனது.

80: குறியைப் பார்க்காமல் கூட்டிவிட்டது.

மதிப்பெண் ஏட்டில் நான்கு பேருக்கும் ஒரே பூஜ்யம். நான்கு பேருக்கும் வேண்டியது நான்கு வேறு பாடம்.

இதற்கு எந்தக் கணக்கை வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியாது. 52 − 27 கொடுத்துப் பாருங்கள். தலைகீழாகக் கழித்த பிள்ளைக்கு 7 − 2 = 5, பிறகு 5 − 2 = 3, விடை 35. ஐந்தைக் குறைக்க மறந்த பிள்ளைக்கு 12 − 7 = 5, பிறகு 3, அதுவும் 35. இரண்டு நோய்க்கும் ஒரே அறிகுறி. ஒன்றுகள் இடத்தில் இரண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் 5 வந்தால் இப்படித்தான் ஆகும். 6-1, 7-2, 8-3, 9-4 ஜோடிகளையும், மேலே 0 கீழே 5 வருவதையும் சோதனைத் தாளில் தவிர்த்துவிடுங்கள். பயிற்சிக்குக் கொடுக்கத் தடையில்லை. மேல் எண்ணில் பூஜ்யம் வரும் 50 − 27 போன்றவை தனித் தலைவலி. அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

34 சொன்ன பிள்ளைக்கு

இந்தப் பிள்ளைக்கு ஈர்க்குச்சிக் கட்டு. ஆணிமணிச் சட்டம் பிறகு. சட்டத்தில் பத்துகள் ஆணியிலிருந்து ஒரு மணியை எடுத்துவிட்டு ஒன்றுகள் ஆணியில் பத்து மணி போடு என்றால், அது பிள்ளை நம்பித்தான் ஆக வேண்டிய விதி. கட்டில் அது கண்ணெதிரே அவிழ்கிறது. தவிரவும், ஆணிக்கு 9 மணிதான் ஏறும் என்று செய்த சட்டத்தில் 13 ஒன்றுகளை வைக்க இடமே இருக்காது.

நால்வருக்கு ஒரு செட், செட்டுக்கு 100 குச்சி. 28 பேருக்கு ஏழு செட், 700 குச்சி. ஓர் ஈர்க்கின் நடுப்பகுதியை விரல் நீளத்தில் நான்கு துண்டாக வெட்டினால் 175 ஈர்க்கு போதும். அடித்தடிமனையும் நுனியையும் கலக்கக் கூடாது. தடித்த ஒன்பது, மெலிந்த பத்தைவிடப் பெரிய கட்டாகத் தெரியும். ஒரு கட்டு என்றால் பத்துதான் என்ற நம்பிக்கை அங்கேயே ஆட்டம் காணும். தீக்குச்சி எடுப்பதானால் மருந்து முனையை வெட்டிவிட்டு. ரப்பர் பேண்டு கோடையில் இற்றுப்போகும், கூடுதலாக ஒரு பொட்டலம் இருக்கட்டும். முக்கியமானது, கட்டுகளைப் பிள்ளைகளே எண்ணிப் போட வேண்டும். ஆசிரியர் போட்டுக் கொடுத்த கட்டு அவர்களுக்கு வெறும் கட்டு.

5 கட்டு, 3 உதிரி. 27 எடுக்க வேண்டும். உதிரி ஏழு வேண்டும், மூன்றுதான் இருக்கிறது. பிள்ளை தானாக ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றும்வரை காத்திருங்கள். கழற்றியதும் கையை நிறுத்தச் சொல்லி ஒரே கேள்வி: “இப்ப மொத்தம் எத்தனை இருக்கு?” 53 என்று யோசிக்காமல் சொன்னால் மேலே போகலாம். கூடிவிட்டது என்று நினைத்தாலோ, ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாலோ, கழித்தல் இப்போது வேண்டாம். கட்டுவதும் அவிழ்ப்பதும் மட்டும் இன்னும் மூன்று நாள்.

36 சொன்ன பிள்ளைக்கு மேலும் குச்சி கொடுத்து உட்கார வைப்பது வீண். அதற்குக் கட்டு அவிழ்வது தெரியும், எழுத்தில்தான் நழுவுகிறது. இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் குச்சி, ஒருவர் சிலேட்டு. கட்டு அவிழ்ந்ததும், சிலேட்டில் 5-ஐ அடித்து 4 எழுதும்வரை குச்சிக்காரர் கை அசையக் கூடாது. ஐந்து கணக்குக்கு ஒருமுறை இடம் மாறட்டும்.

27 சொன்ன பிள்ளைக்கு எண்பட்டை, அதாவது எண்களைக் கட்டம் கட்டமாக வரிசையில் எழுதிய பட்டை: 53-இலிருந்து 20 தாவினால் 33, அங்கிருந்து 3 தாவினால் 30, இன்னும் 4 போனால் 26. நிற்கும் கட்டத்தை எண்ணாமல் தாவலை எண்ணப் பழகினால் சரியாகிவிடும். 80 சொன்ன பிள்ளைக்குக் கூட்டலும் கழித்தலும் கலந்த தாள், முதல் சுற்றில் குறியை வட்டமிடுவது மட்டும் வேலை.

இந்த நான்குக்கும் முன்னால் நிற்கிற பிள்ளையும் உண்டு. ‘இருபத்து மூன்று எழுது’ என்றால் 203 எழுதும். காதில் விழுந்தபடி இருபதையும் எழுதி மூன்றையும் எழுதியது, அவ்வளவுதான். 20 என்று எழுதிய அட்டையின் பூஜ்யத்தை மூடுகிற மாதிரி 3 அட்டையை மேலே வைத்துக் காட்டுங்கள். தமிழ் எண்ணுப்பெயர்கள் இங்கே நமக்குத் துணை: பதினொன்று, பதின்மூன்று என்று, பன்னிரண்டைத் தவிர மற்றவற்றில் பத்து காதில் விழுகிறது. பெரிதும் தடுக்குவது தொண்ணூறில்தான், நூறின் ஓசை அதற்குள் கிடப்பதால். ஆங்கில வழிப் பிரிவில் சிக்கல் வேறு: தர்ட்டீனும் தர்ட்டியும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும், 13 கேட்டால் 30 எழுதும். அந்தப் பிரிவிலும் இடமதிப்பைத் தமிழில் சொல்லிக்கொடுப்பதே நல்லது.

ஆக எதை எடுப்பது

எண் சார்ந்த பாடத்துக்கு நிலைவாரிக் குழுதான். ஆனால் குழுவை மதிப்பெண்ணால் பிரிக்காமல் தவறின் வகையால் பிரிக்க வேண்டும். ஏணிப்படியிலிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம்: ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று சுவரில் பெயரோடு ஒட்டாமல், ஆசிரியர் ஏட்டில் ஒற்றை வரி. புத்தக வரிசை எண் அல்லாத அலகுகளுக்கு. அவற்றுக்குக் குழுவே வேண்டாம். சாணால் பலகையை அளக்கும் நாளில் ஒன்றாம் வகுப்பு எது நீளம் என்று சொல்லும், இரண்டாம் வகுப்பு எத்தனை சாண் என்று எண்ணும், மூன்றாம் வகுப்பு அளவுகோலால் சென்டிமீட்டரில் எழுதும். ஒரே செயல், மூன்று வகுப்பு.

வாரத்துக்கு நான்கு நாள் எண், ஒரு நாள் மற்றவை. எண் நாளின் 40 நிமிடம் இப்படி: முதல் 8 நிமிடம் அறை முழுக்க வாய்க்கணக்கு. நேற்றுப் பாடத்திலிருந்து ஒன்று, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று. அடுத்து 12 நிமிடம் ஒரு குழுவோடு, இன்னொரு 12 நிமிடம் அடுத்த குழுவோடு. மூன்றாவது குழுவுக்குத் தானே செய்யும் பணித்தாள், அதன் முறை மறுநாள். கடைசி 8 நிமிடம் ஒரே கணக்கைப் பலகையில் எழுதி, வேறு வேறு வழியில் போட்ட இருவரைச் சொல்லச் சொல்வது. மணி அடிக்கும்போது இந்தக் கடைசித் துண்டுதான் எப்போதும் வெட்டுப்படும். அதனால் நேரம் போதாவிட்டால் பணித்தாள் திருத்துவதைத் தள்ளிப்போடுங்கள், இதை விடாதீர்கள்.

தயாரிப்பில் அதிக நேரம் பிடிப்பது முதல் இரண்டு வாரம். குச்சி வெட்ட, எண்பட்டை ஒட்ட, சோதனைத் தாள் எழுத. பிறகு ஓடும்.

இரண்டு வாரம் கழித்துக் குழுவைக் கலைக்க மறுபடி ஒரு கணக்கு வேண்டும். 53 − 27-ஐயே கொடுத்தால் விடையை மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். 62 − 38 கொடுக்கலாம், விடை 24. ஆனால் இதில் 36 என்றால் தலைகீழாகக் கழித்த பிள்ளை, 34 என்றால் பத்தைக் குறைக்க மறந்த பிள்ளை. 53 − 27-இல் வந்த அதே இரண்டு எண்கள், இங்கே இடம் மாறி வருகின்றன. பின்னோக்கி எண்ணியதில் தவறினால் 25, கூட்டிவிட்டால் 100. தாளைக் கொடுக்கும் முன்பே இந்த நான்கையும் ஏட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.