சி.பி.எல். தேர்வுகள்: நேரலை வகுப்பா, பதிவு வகுப்பா, சொந்தப் படிப்பா?

இந்தியாவில் வணிக விமானி உரிமம் (சி.பி.எல்.) பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கே பல பத்து லட்சம் ரூபாய் கரைந்துவிடுவதால், எழுத்துத் தேர்வுக்கான படிப்பையாவது கையைக் கடிக்காமல் முடிக்க முடியுமா என்று குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. முடியும். ஐரோப்பிய நாடுகளில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் பாடங்களை முடித்து, அந்நிறுவனம் பரிந்துரைத்த பின்னரே தேர்வில் அமர இயலும். இங்கோ, கல்வித் தகுதியைக் காட்டி விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.விடம் தேர்வுப் பதிவு எண்ணான கம்ப்யூட்டர் நம்பர் வாங்கியவர் எங்கே படித்தார், யாரிடம் படித்தார் என்று எவரும் கேட்பதில்லை. தாளுக்கு 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. ஆகவே டெல்லி துவாரகாவில் அறை எடுத்துத் தங்கி, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தனியே செலவழித்துப் படிப்பது ஒரு வழக்கமே தவிர, விதியன்று.

வீட்டிலிருந்தே படிக்க மூன்று வழிகள் உள்ளன: ஆசிரியர் இணையம் வழியே உடனுக்குடன் பேசும் நேரலை வகுப்பு, முன்பே பதிவுசெய்த காணொளிகளாக அதைவிட மலிவாகக் கிடைக்கும் பதிவு வகுப்பு, புத்தகங்களையும் வினா வங்கியையும் வைத்துக்கொண்டு தாமே படிப்பது. இவற்றில் ஒன்றைத் தேர்ந்து எல்லாத் தாள்களுக்கும் மொத்தமாகப் பணம் கட்டுவதில்தான் வீண்செலவு தொடங்குகிறது என்பது என் கருத்து. ஏனெனில் தாளுக்குத் தாள் தேவை மாறுகிறது.

வானில் வழி கண்டறியும் பாடமான ஏர் நேவிகேஷனுக்குச் செலவழிக்கலாம், தயங்க வேண்டியதில்லை. 60 கடல் மைல் பறந்த பின் விமானம் பாதையிலிருந்து 4 கடல் மைல் விலகியிருந்தால் பிழை ஏறத்தாழ 4 பாகை என்ற விதியைப் பதிவு வகுப்பில் கேட்டவுடன் புரிந்துவிடும். 120 கடல் மைல் பறந்து 6 கடல் மைல் விலகியிருந்தால் எத்தனை பாகை, சேருமிடத்துக்கு நேராகப் போக இன்னும் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கேட்டால்தான் புரிந்ததும் புரியாததும் வெளிப்படும். வட்டச் சக்கர வடிவிலான ஃப்ளைட் கம்ப்யூட்டரில் காற்றின் திசையையும் வேகத்தையும் குறித்துத் தரைவேகத்தைக் கண்டுபிடிப்பது கைப்பழக்கம். சமையலைப் போல, பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் வந்துவிடாது. மாணவர் போட்ட கணக்கை ஆசிரியர் பார்த்து, எந்த இடத்தில் சக்கரத்தைத் தவறாகத் திருப்பினார் என்று சொல்லக்கூடிய சிறு குழு நேரலை வகுப்பே இத்தாளுக்கு உகந்தது. நூறு பேர் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரலை வகுப்புக்கும் பதிவு வகுப்புக்கும் விலையைத் தவிர வேறு வேறுபாடு இல்லை.

வானிலையியலுக்குப் பதிவு வகுப்பே போதுமானது. இடிமேகம் உருவாகும் விதமோ விமான நிலைய வானிலை அறிக்கையான மெட்டாரின் குறியீட்டைப் படிக்கும் முறையோ ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. நிறுத்தி நிறுத்தி இருமுறை கேட்கும் வசதியும் உண்டு. வெளிநாட்டுப் பாடத்தொகுப்பு மலிவாகக் கிடைக்கிறது என்று அதை மட்டும் நம்பினால், வட இந்தியாவுக்குக் குளிர்கால மழை தரும் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ், வங்காளத்தின் கோடை இடிப்புயலான கால்பைசாகி, நமக்குப் பழக்கமான வடகிழக்குப் பருவமழை ஆகியவற்றைத் தனியே தேடிப் படிக்க நேரும்.

விமானச் சட்டதிட்டங்களைப் பற்றிய ஏர் ரெகுலேஷன் தாளில் நிலைமை நேர்மாறானது. 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்கு மாற்றாக பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், அதற்கு முன் பதிவான வகுப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பழைய சட்டத்தைப் பற்றிப் பேசும் இடங்களில் மாணவரைத் தவறான வழியில் விட்டுவிடும். டி.ஜி.சி.ஏ. விதிமுறைகளை அதன் இணையதளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். நடை வறண்டது, தூக்கம் வரும். ஆனால் கேள்விகளின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பதால் இத்தாளில் சொந்தப் படிப்பே முந்துகிறது.

அதே புதிய சட்டம், ரேடியோ தொடர்புக்கான ஆர்.டி.ஆர். தேர்வின் பொறுப்பைத் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து டி.ஜி.சி.ஏ.வுக்கு மாற்றியது. ஆகவே இதற்குப் பணம் கட்டுமுன் பாடத்திட்டம் புதியதா என்று பார்ப்பது அவசியம். கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசும் முறையை வாய்விட்டுப் பழக வேண்டியிருப்பதால் இதற்கும் நேரலை வகுப்பே பொருந்தும். எதிரே ஒருவர் இருந்து பதில் சொல்லாவிட்டால் அது வெறும் மனப்பாடம்.

விமானங்களின் பொதுவான தொழில்நுட்பத்தைக் கேட்கும் டெக்னிக்கல் ஜெனரல் தாளுக்கு அமெரிக்காவின் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. இலவசமாக வெளியிடும் கையேடுகளோடு ஒரு பதிவு வகுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒரு விமான வகையைப் பற்றிய டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் தாளுக்கு, எந்த விமானத்தில் பறக்கிறோமோ அதன் கையேட்டைப் பறப்புப் பள்ளியில் ஊன்றிப் படித்தாலே போதும்.

வினா வங்கிச் சந்தாவைத் தேர்வுக்கு முந்தைய சில வாரங்களுக்கு மட்டும் வாங்குவது நல்லது. முதல் நாளிலிருந்தே விடைகளை மனப்பாடம் செய்தவர் தாளில் தேறக்கூடும். அதே பாடத்தை விமான நிறுவனத்தின் ஆள்தேர்வில் மீண்டும் கேட்கும்போது திணறுவார்.

பதிவு வகுப்பு வாங்குவோர் அதன் காலவரம்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும்; ஒரு தாள் தவறி மறுபடி எழுதும்போது சந்தா முடிந்திருந்தால் மலிவு விலை இரட்டிப்பாகிவிடும். நேரலை வகுப்பில் சேருவோர் நேவிகேஷன் மாதிரி வகுப்பு ஒன்றை முழுமையாகக் கேட்டுவிட்டே முன்பணம் கட்டட்டும்: ஆசிரியர் பாதியில் இந்திக்கு மாறுகிறாரா, ஃப்ளைட் கம்ப்யூட்டரின் மேல் கேமரா இருக்கிறதா, கேள்வி கேட்டவருக்கு அன்றே பதில் கிடைத்ததா என்பவை அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.