இரண்டு கிளவுட், ஒரே குறிப்புகள்: இருவழி சிங்க்கா, ஒருவழி நகலா?

அப்சிடியன் என்ற குறிப்பு எழுதும் செயலியின் குறிப்புகள் கூகுள் டிரைவிலும் இருக்க வேண்டும், ஒன்டிரைவிலும் இருக்க வேண்டும் என்றால், கிளவுட்களுக்கிடையே ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்குளோன் (rclone) கருவியில் இரண்டு வழி உண்டு. ஒன்று பைசிங்க் (bisync), அதாவது இருவழி சிங்க்: எந்தப் பக்கம் திருத்தினாலும் மறுபக்கம் போய்ச் சேரும். இன்னொன்று, டிரைவில் மட்டும் எழுதிவிட்டு ஒன்டிரைவுக்கு ஒருவழி நகல் எடுப்பது. என் ஓட்டு இரண்டாவதற்கு.

வேகத்திலும் செலவிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எதை எடுத்தாலும் கூகுளுக்குச் சொந்த கிளையன்ட் ஐடி (ஆர்குளோன் கூகுளிடம் தன்னை அடையாளம் காட்டும் எண்) போட்டுக்கொள்ளுங்கள். அதை ‘டெஸ்டிங்’ நிலையிலேயே விட்டுவிட்டால் 7 நாளில் டோக்கன் (உள்நுழைவு அனுமதி) காலாவதியாகி, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை சத்தமில்லாமல் படுத்துவிடும்.

வித்தியாசமெல்லாம் பராமரிப்பில்தான். ஹேஷ் என்பது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, ஃபைலின் கைரேகை மாதிரி. டிரைவ் எம்டி5 வகை ஹேஷ் தருகிறது. ஒன்டிரைவ் தருவது குவிக்எக்ஸார். இரண்டுக்கும் பொதுவான ஹேஷ் இல்லாததால் உள்ளடக்கத்தை ஹேஷ் வைத்து ஒப்பிட வழியில்லை. மிஞ்சுவது ஃபைல் அளவும் திருத்திய நேரமும். குறிப்பில் ஒரு வேலையை முடித்ததாக டிக் செய்தால், கட்டத்துக்குள் இருந்த இடைவெளி ஒரு எக்ஸ் ஆக மாறுகிறது, அவ்வளவே. அளவு ஒரு பைட்கூட மாறாது. ஆகவே அளவை மட்டும் ஒப்பிடும் ‘சைஸ்-ஒன்லி’ பக்கமே போகாதீர்கள். டிக் செய்ததெல்லாம் மறுபக்கம் போகாது.

இரு பக்கமும் ஒரே குறிப்பைத் திருத்திவிட்டால் பைசிங்க் படுத்தும் பாடு தனி. இயல்பு அமைப்பில் அது யாரையும் ஜெயிக்க வைக்காது. இரண்டையும் பெயர் மாற்றி வைத்துக்கொள்ளும். ஃபைல் பெயரின் கடைசியில், ‘.md’ என்ற எம்டி விகுதிக்குப் பின்னால், ‘கான்ஃப்ளிக்ட்1’, ‘கான்ஃப்ளிக்ட்2’ என்று ஒட்டிவிடும். எம்டி என்று முடியாத ஃபைலை அப்சிடியன் குறிப்பாகவே மதிக்காது. எழுத்து பத்திரமாக இருந்தும் குறிப்பு காணாமல் போனதுபோல் தெரியும், அதற்குப் போட்ட இணைப்புகளும் அறுந்து நிற்கும். ‘கான்ஃப்ளிக்ட்-ரிசால்வ்’ என்பதற்கு ‘நியூவர்’ கொடுத்தால் புதியது சொந்தப் பெயரிலேயே நிற்கும். தோற்றுப்போன பிரதியைத் தேடி எடுத்து இணைப்பது உங்கள் தலையில்தான்.

அடுத்தது ரீசிங்க். பைசிங்க் போன முறை எடுத்த பட்டியலை வைத்துத்தான் எது மாறியது என்று கண்டுபிடிக்கிறது. அந்தப் பட்டியல் கெட்டால் ரீசிங்க், அதாவது பட்டியலைப் புதிதாக எடுக்கும் ஓட்டம், கேட்டு நிற்கும். அப்போது இரு பக்கத்தையும் கூட்டிச் சேர்ப்பதால், ஒரு பக்கம் நீக்கிய குறிப்பு மறுபக்கத்திலிருந்து உயிர்த்தெழுந்து வரும். பெரிய ஃபோல்டரைப் பெயர் மாற்றினாலும் சிக்கல்: அது நீக்கமும் புதுவரவுமாகக் கணக்காகி, பாதிக்கு மேல் நீக்கம் என்று பாதுகாப்பு வரம்பில் இடித்து நின்றுவிடும்.

ஒருவழி நகலில் இந்த வகைக் கேடு பெரும்பாலும் இல்லை. ஓர் இரவு ஓடாவிட்டால் நகல் ஒருநாள் பழையதாக இருக்கும், மறுநாள் சரியாகிவிடும். அமைப்பும் சுருக்கம்: முதலில் டிரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை), பிறகு சிங்க், கூடவே மேக்ஸ்-டிலீட் 25 (25 ஃபைலுக்கு மேல் நீக்க விடாத வரம்பு), தேதிப் பெயரில் ஒரு பேக்கப்-டிர் (பேக்கப் ஃபோல்டர்). அந்த பேக்கப் ஃபோல்டர் ஒன்டிரைவிலேயே, ஆனால் நகல் ஃபோல்டருக்கு வெளியே இருக்க வேண்டும். நீக்கியதும் மேலெழுதப்பட்டதும் அங்கே போய்ச் சேரும்.

விலையும் உண்டு. ஒன்டிரைவ் பக்கம் படிக்க மட்டுமே. அங்கே திருத்தியது அடுத்த ஓட்டத்தில் பேக்கப் ஃபோல்டருக்குத் தள்ளப்படும். அலுவலகத்தில் ஒன்டிரைவ் மட்டும்தான், அங்கேயும் எழுதியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு பைசிங்க் தவிர வழியில்லை. நான் சொல்வது தனியாள் குறிப்புகளுக்கு. பத்துப் பேர் எழுதும் ஃபோல்டருக்கு இதே தீர்ப்பை அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆய்வு மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் சோட்டீரோ மாதிரி, ஒரே எஸ்க்யூலைட் தரவுத்தள ஃபைலில் விவரங்களை வைக்கும் செயலி என்றால் இரண்டுமே வேண்டாம், செயலியின் சொந்த சிங்க்கையே பயன்படுத்துங்கள்.

பழைய பேக்கப்பைக் கழிக்கும்போது ‘மின்-ஏஜ் 90 நாள்’ என்று போட்டு நீக்காதீர்கள். அது பார்ப்பது ஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்ட நாளை. பேக்கப்புக்கு வந்த நாளை அல்ல. போன வருடம் எழுதி நேற்று தவறி நீக்கிய குறிப்பும் சேர்ந்து போய்விடும். தேதிப் பெயர் பார்த்து முழு ஃபோல்டரையும் பர்ஜ் செய்யுங்கள் (அப்படியே நீக்குங்கள்).