கஷூபியப் பூப்போட்ட பழைய பீங்கான்: பல வருஷப் புழக்கத்தில்

பீங்கான் உழைக்கிறது, பூதான் உழைக்கவில்லை. போலந்தின் வடக்கே கஷூபியாவில், கோஷ்சியெஜினா ஊருக்குப் பக்கத்தில் 1969-இல் தொடங்கிய லுபியானா ஆலையின் சாமான்களுக்கும் இது பொருந்தும். வெள்ளை உடம்பு ஏறக்குறைய 1400 டிகிரியில் வெந்தது; கத்திக்குக்கூட அசையாது. பூவோ பெரும்பாலும் ஸ்டிக்கர் மாதிரி மெருகுக்கு (பீங்கானின் கண்ணாடிப் பூச்சுக்கு) மேல் ஒட்டி, 800 டிகிரி சுமாருக்குச் சுட்டது.

வாங்கும்போது தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பூவின் ஓரம் நகத்தில் லேசாகத் தட்டுப்பட்டாலோ, பளபளப்பு மாறித் தெரிந்தாலோ அது மேல்பூச்சு. இந்தப் பூ கஷூபிய எம்பிராய்டரியைப் பார்த்துப் போட்டது; அதன் வழக்கமான நிறங்கள் மூன்று வகை நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு. துலிப்பிலும் மாதுளையிலும் அந்த மூன்று நீலமும் பிரிந்து தெரியவேண்டும். எல்லாம் ஒரே சாம்பல் நீலமாகத் தெரிந்தால், தட்டு டிஷ்வாஷரில் நிறைய அடிபட்டிருக்கிறது. விளிம்பில் தங்கக் கோடு இருந்தால் முதலில் போவது அதுதான். அந்தக் கோப்பையை மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும்.

விரல் முட்டியால் தட்டினால் நல்ல கோப்பை கணீரென்று ஒலிக்கும். 'டொக்' என்றால் எங்கோ விரிசல். கொதிக்கும் டீயை ஊற்றினால் அது நீளும்.

டிஷ்வாஷர் பொடியின் காரத்தன்மைதான் பூவைத் தின்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு, மெத்தென்ற ஸ்பாஞ்சு, சிங்க்கில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, இவ்வளவு போதும். டீக்கறைக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைக் குழைத்து உள்பக்கம் மட்டும் தடவுங்கள், பூமேல் படவேண்டாம். எலுமிச்சையும் வினிகரும் பூப்பட்ட இடத்தில் கூடவே கூடாது. பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகளில் காட்மியமோ ஈயமோ இருக்கலாம், புளிப்பு அதை இளக்கிவிடும். உட்புறமும் பூப்போட்ட கிண்ணத்தில் சாலட், ஊறுகாய் வைப்பதை விட்டுவிடலாம். ரொட்டி, பிஸ்கட்டுக்குச் சரி.

பலரும் கவனிக்காத சேதம் அடுக்குவதில் வருகிறது. தட்டின் அடிவளையத்தில் மெருகு இருக்காது, சொரசொரப்பாக இருக்கும். மேல் தட்டு நகரும்போதெல்லாம் கீழ்த்தட்டின் பூவை அது உரசி எடுக்கிறது. நடுவில் ஒரு டிஷ்யூ தாளோ ஃபெல்ட் துண்டோ வையுங்கள். ஆறு தட்டுக்கு மேல் அடுக்காதீர்கள்.

கஷூபியாவிலேயே ஹ்மியெல்னோ ஊரில் மண்பாண்டம் செய்யும் நெட்செல் குடும்பத்துப் பாத்திரங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம். அது பீங்கான் இல்லை, களிமண். மெருகு பெயர்ந்த இடத்தில் தண்ணீர் குடிக்கும். ஊறப்போடாமல் கழுவி உடனே துடைத்து வையுங்கள்.